வாழைப்பழக் கணக்கு ஜோஸ் பீடபூமிக்குச் செல்லாது

கதிரியக்கம் என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுகிறார். "வாழைப்பழத்திலும்தான் கதிரியக்கம் இருக்கிறது, அதைத் தின்று யாராவது செத்தார்களா?" கூடங்குளம் போராட்டத்தின்போது இதைக் கேட்டோம். கன்னியாகுமரிக் கடற்கரை மணலைப் பற்றிய விவாதங்களில் இன்றும் கேட்கிறோம். இந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டினால் இப்படி வரும்: மண்ணில் உள்ள யுரேனியமும் தோரியமும் பூமி பிறந்த நாளிலிருந்து இருப்பவை, பயிர் அதில் சிறிதளவு உறிஞ்சத்தான் செய்யும், மனிதன் அதைத் தின்றே பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்துவிட்டான், ஆகவே பழைய சுரங்கங்களை ஒட்டி விளையும் கிழங்கையும் கீரையையும் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. படித்தவர்கள், அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல உண்மையாகவே உழைப்பவர்கள் பலரும் இதை நம்புகிறார்கள். அதனால்தான் இதை வரிக்கு வரி மறுக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பை ஒரே ஊரை வைத்துச் சொல்கிறேன். நைஜீரியாவின் நடுவே உள்ள ஜோஸ் பீடபூமி. நமக்கு அது தூரத்து ஊர்தான். ஆனால் அங்கே வயல்களில் சிதறிக் கிடப்பதும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடப்பதும் ஒரே கனிமம், மோனசைட்.

ஜோஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நைஜீரியாவின் வெக்கைக்கு நடுவே அது ஒரு நீலகிரி. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், தக்காளி எல்லாம் இங்கிருந்து லாகோஸ் வரை லாரியில் போகின்றன. பெரோம் மக்களின் பூர்வீக நிலம் இது. கடுகைவிடச் சிறிய மணியுள்ள அச்சா என்ற தானியத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் வெள்ளீயம் தேடி அங்கே ஏறின. அதற்கு முன்பே அந்தப் பகுதிக்காரர்கள் வெள்ளீயத்தை உருக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். நிறுவனங்கள் வந்த பிறகு அந்த உலைகள் அணைந்தன.

1942-இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்தது. பிரிட்டனுக்கு வெள்ளீயம் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய சுரங்கப் பகுதி ஒரே அடியில் போயிற்று. அதை ஈடுகட்ட வடக்கு நைஜீரியாவின் உழவர்களை, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை, காலனி அரசு கட்டாய வேலைக்குப் பிடித்துவந்து ஜோஸ் சுரங்கங்களில் இறக்கியது. போர் முடிந்த பிறகு கொலம்பைட்டுக்கு விலை ஏறியது. ஜெட் எஞ்சின்களுக்கான உலோகக் கலவைக்கு நயோபியம் வேண்டும். அது கொலம்பைட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகுக்குக் கிடைத்த கொலம்பைட்டில் மிகப் பெரும்பகுதி ஜோஸிலிருந்துதான் போனது. 1985 அக்டோபரில் சர்வதேச வெள்ளீயக் கழகம் பணமின்றி நின்றுபோனபோது விலை சரிந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த சுரங்கங்கள் அதோடு படுத்துவிட்டன. நிறுவனங்கள் போயின. குழிகள் அப்படியே கிடந்தன.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்காமல் பயிரைப் பற்றிப் பேச முடியாது. வெள்ளீயத் தாதுவான கேசிட்டரைட் ஆற்றுப்படுகைச் சரளையில் கலந்து கிடக்கும். மேல்மண்ணை வெட்டி ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள சரளையைத் தண்ணீர் பாயும் நீளமான மரத் தொட்டியில் கொட்டுவார்கள். களிமண்ணும் இலேசான மணலும் தண்ணீரோடு ஓடிவிடும். குறுக்கே வைத்த கட்டைகளுக்குப் பின்னால் கனமான மணி தங்கும். தங்குவது கேசிட்டரைட் மட்டும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மோனசைட், சிர்கான், இல்மனைட், தோரைட் எல்லாமே கனமான கனிமங்கள்; எல்லாம் கூடவே தங்கும். அந்தக் கலவையை ஆலைக்குக் கொண்டுபோய்க் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் பிரித்து, விற்பனைக்கானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆலைக்குப் பின்னால் குவித்தார்கள். சாதாரணக் கருங்கல்லில் டன்னுக்குச் சில பத்து கிராம் இருக்கிற தோரியம், மோனசைட் மணியில் நூற்றுக்குச் சில பங்கு இருக்கிறது. அப்படியானால் அந்தக் குவியல் என்ன? மலையும் மழையும் கோடி ஆண்டுகளாகப் பரவலாகச் சிதறி வைத்திருந்ததை, எண்பது ஆண்டுகளில் அள்ளிச் சலித்துக் கழுவி ஓரிடத்தில் சேர்த்து, மேலே மண் போடாமல், மழைக்கும் காற்றுக்கும் திறந்து விட்டுப்போனது. இந்த அணுக்கள் பூமி பிறந்த நாளிலிருந்து இருப்பவை என்பது உண்மை. அவை இன்று ஓர் உருளைக்கிழங்கு வேரின் பக்கத்தில் இருப்பது மனிதர்கள் சம்பளம் கொடுத்துச் செய்வித்த வேலையின் விளைவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

கைவிட்ட குழிகளில் தண்ணீர் நின்று நூற்றுக்கணக்கான குட்டைகள் உருவாயின. மழை நின்றபிறகு, அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை, சிறு பம்புகளை வைத்து அந்தக் குட்டைத் தண்ணீரை இறைத்து விவசாயம் செய்கிறார்கள். சுரங்கம் புரட்டிப்போட்ட மண்ணில் சத்து கிடையாது. விரலிடுக்கில் வழிகிற மணல். அதைத் தேற்ற நகரத்தின் குப்பையை எரித்த சாம்பலை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து கொட்டுகிறார்கள், மாட்டெருவைச் சேர்க்கிறார்கள். செத்த நிலத்தை உயிர்ப்பித்த உழைப்பு அது. அந்த உழவர்களை மரியாதையோடு நினைக்காமல் இந்தப் பொருளைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது.

2007-இல் இபாதான் பல்கலைக்கழகத்தின் ஜிபிரியும் உடன் ஆய்வாளர்களும் ஜோஸ் பீடபூமியின் பிட்சிச்சி என்ற பழைய சுரங்கப் பகுதியின் பயிர்களை அளந்து வெளியிட்டார்கள். யுரேனியம் சிதையும் வழியில் உருவாகும் ரேடியம்-226, கருவி கண்டறிய முடியாத அளவிலிருந்து கிலோவுக்கு 83.5 பெக்கரல் வரை (நொடிக்கு ஒரு அணுச் சிதைவு என்பது ஒரு பெக்கரல்). தோரியம்-228, அதேபோல 89.8 வரை. தானியங்களில் குறைவு, கிழங்கிலும் காய்கறியிலும் அதிகம். வயல்களில் நின்று அளந்த காமாக் கதிர்வீச்சு மணிக்கு 0.50 முதல் 1.47 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவர்ட்). பழைய சுரங்க வேலைதான் மண்ணையும் பயிரையும் மாற்றியிருக்கிறது என்று அவர்களே தெளிவாக எழுதினார்கள். இறுதியில், உணவு வழியாக உடலில் சேரும் கதிர்வீச்சு குறைவு, உடல்நலக் கேடு எதிர்பார்க்கப்படவில்லை என்றும் எழுதினார்கள். யாரும் அளக்காத இடத்தில் போய் அளந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் சண்டை அந்தக் கடைசி வாக்கியத்தோடு. அந்த வாக்கியம் ஜோஸோடு நிற்பதில்லை. பழைய சுரங்கம் உள்ள ஊர்களின் உணவை அளக்கும் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப முடிவுரையாக வந்து நிற்கிறது. படிப்பவர்களும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாழைப்பழத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு வாழைப்பழத்தில் பொட்டாசியம்-40 சுமார் 15 பெக்கரல். நம் உடம்பிலேயே நாலாயிரம் பெக்கரலுக்கு மேல் இருக்கிறது. ஆனால் பொட்டாசியம் எவ்வளவு வேண்டும் என்பதை உடம்பு தானே தீர்மானிக்கிறது. கூடுதலாகத் தின்றால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஒரு தார் வாழைப்பழத்தைத் தின்றாலும் சில நாட்களில் பழைய அளவுக்கே வந்துவிடுவோம். அதனால் பொட்டாசியத்திலிருந்து கிடைக்கும் கதிர்வீச்சு, ஆண்டுக்குச் சுமார் 0.17 மில்லிசீவர்ட், ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். சாப்பாட்டைப் பொறுத்து மாறுவதில்லை. ரேடியம் அப்படியல்ல. அதைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு உடம்பில் இல்லை. ரேடியம் வேதியியலில் கால்சியத்தின் குடும்பம். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் கொண்டுபோய் வைக்கிறது. வைத்ததில் ஒரு பங்கு பல்லாண்டுகள் அங்கேயே இருந்து ஆல்பாத் துகள்களை வீசுகிறது. கடிகார முகப்புக்கு ஒளிரும் சாயம் பூசிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்களின் தாடையும் எலும்பும் சிதைந்தது 1920-களில் உலகுக்கே தெரிந்த கதை. அவர்கள் விழுங்கிய அளவு எந்தக் கிழங்கிலும் வராது. ரேடியம் உடம்பில் எங்கே போகும் என்பதை உலகம் அறிந்துகொண்டது அவர்களால்தான் என்பதற்காகவே அவர்களை இங்கே நினைக்கிறேன்.

சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் அட்டவணைப்படி, பெரியவர் ஒருவர் விழுங்கும் ஒரு பெக்கரல் பொட்டாசியம்-40 தரும் கதிர்வீச்சைப்போல ஒரு பெக்கரல் ரேடியம்-226 நாற்பத்தைந்து மடங்கு தருகிறது. தோரியம் சிதைந்து உருவாகும் ரேடியம்-228 நூறு மடங்குக்கு மேல். பெக்கரலுக்குப் பெக்கரல் ஒப்பிட்டு, "பார், பொட்டாசியம்தான் அதிகம்" என்று சொல்வது இந்த அட்டவணையைத் திறந்தே பார்க்காதவர்கள் சொல்வது.

அதே அட்டவணையில் இன்னொரு பத்தி இருக்கிறது: வயது. பெரியவருக்கு ரேடியம்-226-இன் ஒரு பெக்கரலுக்கு 0.28 மைக்ரோசீவர்ட். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 1.5. மூன்று மாதக் குழந்தைக்கு 4.7. ரேடியம்-228-க்குப் பெரியவருக்கு 0.69, பதினைந்து வயதில் 5.3. எலும்பு வேகமாக வளரும் வயதில் உடம்பு கால்சியத்துக்குப் பறக்கிறது. அதே பசியில் ரேடியத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் உணவுப் பயிர்க் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். கணக்குப் போடப்படுவது பெரும்பாலும் ஒரு 'சராசரிப் பெரியவருக்கு'. அந்த மனிதரோடு நிறுத்தாமல் அவருடைய பதினைந்து வயது மகளுக்கும் கணக்குப் போடுவோம். பிட்சிச்சியில் கிடைத்த உச்ச அளவை எடுக்கவில்லை. உச்சம் எல்லா வயலுக்கும் பொருந்தாது, உலர்த்திய மாதிரிக்கும் பச்சைக் கிழங்குக்கும் எடையில் வித்தியாசம் உண்டு. அதனால் அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கிலோவுக்கு 8 பெக்கரல் ரேடியம்-226. வீட்டு வயலின் கிழங்கும் காயும் நாளொன்றுக்குக் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக, ஆண்டுக்கு 100 கிலோ. அதாவது 800 பெக்கரல். தகப்பனுக்கு 0.22 மில்லிசீவர்ட். மகளுக்கு 1.2 மில்லிசீவர்ட். உணவுப் பொருட்களில் உள்ள கதிரியக்கத்துக்கு சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு விதிகள் சொல்லும் வழிகாட்டு அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட். ஒரே ஒரு தனிமத்திலேயே மகள் அதைத் தாண்டிவிட்டாள். ரேடியம்-228-ஐ இன்னும் சேர்க்கவில்லை. வயலில் நிற்பதையும் சேர்க்கவில்லை: ஆண்டுக்கு இரண்டாயிரம் மணி நேரம் அந்த வயல்களில் வேலை செய்தால் வெளியிலிருந்து மட்டும் 1 முதல் 3 மில்லிசீவர்ட் வரை. இது எடுத்துக்காட்டுக் கணக்குதான், ஒரு குறிப்பிட்ட வீட்டின் அளவீடு அல்ல. ஆனாலும் 'கேடு எதிர்பார்க்கப்படவில்லை' என்று எழுதும் முன் யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அளக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவுப் பயிர்களைப் பெரும்பாலும் காமா நிறமாலைக் கருவியில்தான் அளக்கிறார்கள். காயை உலர்த்தி, அரைத்து, டப்பாவில் அடைத்து, ரேடியமும் அதன் வாரிசுகளும் சமநிலைக்கு வர ஒரு மாதம் மூடிவைத்து, கருவிமேல் வைத்துப் பல மணி நேரம் எண்ணுவார்கள். மலிவானது, நேர்த்தியானது. ஆனால் பொலோனியம்-210 அந்தக் கருவியின் கண்ணில் படாது. அது காமாக் கதிரை அநேகமாக வெளியிடுவதே இல்லை, ஆல்பா மட்டும்தான். அதன் மூதாதையான ஈயம்-210 வெளியிடும் காமாக் கதிர் மிக மெலிந்தது. பெரும்பாலான கட்டுரைகள் அதைத் தொடுவதில்லை. ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழுவான அன்ஸ்கியரின் மதிப்பீட்டில், பொட்டாசியத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உலக மக்களுக்கு உணவு வழியாக வரும் இயற்கைக் கதிர்வீச்சில் முதலிடம் பொலோனியம்-210-க்குத்தான். ரேடியத்திலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து, ஈயம்-210 ஆகக் கீரையின் அகன்ற இலைமேல் படிகிறது. பொலோனியத்தை அளக்க வேண்டுமானால் காயை அமிலத்தில் கரைத்து, கரைசலில் வெள்ளித் தகட்டை வைத்துப் படியவிட்டு, ஆல்பா நிறமாலையில் எண்ண வேண்டும். நாளாகும், பணமாகும். அதனால் செய்யாமல் விடுகிறார்கள். செய்யாமல் விட்டதன் இடத்தில் சூனியம் போட்டுக் கூட்டி, கூட்டுத்தொகை குறைவு என்று முடிவுரை எழுதப்படுகிறது.

'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்ற குறிப்பும் அப்படித்தான். பல ஆய்வகங்களின் காமாக் கருவிக்கு அந்த எல்லை கிலோவுக்குச் சில பெக்கரல். வேர்க்காய்களிலும் பழங்களிலும் ரேடியம்-226-க்கு அன்ஸ்கியர் தரும் உலகக் குறிப்பு அளவு கிலோவுக்கு 0.03 பெக்கரல். குறிப்பு அளவைப்போல ஐம்பது மடங்கு ரேடியம் உள்ள கேரட்கூட அந்தக் கருவியில் 'ஒன்றுமில்லை' என்றே பதிவாகும்.

சரி, மோனசைட் கரையாதே, வேருக்கு எப்படிப் போகும் என்பது விவரம் தெரிந்தவர்கள் வைக்கும் வாதம். மதிக்கத் தக்க வாதம். மோனசைட் உண்மையில் பிடிவாதமான கனிமம். அலையில் ஆயிரக்கணக்கான ஆண்டு புரண்டும் கரையாமல் கன்னியாகுமரிக் கரையில் கிடக்கிறதே. அதனுள் இருக்கும் தோரியம் பயிருக்குள் ஏறுவது மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோரியம் சிதையும்போது ஒவ்வொரு ஆல்பாத் துகளும் வெளியேறும் வேகத்தில் மிச்ச அணு பின்னால் உதைக்கப்படுகிறது. மணியின் ஓரத்தில் நடக்கும் சிதைவில் அந்த அணு, அதாவது ரேடியம், மணிக்கு வெளியே மண்ணின் ஈரத்தில் போய் விழும். மணி சிறுத்தால் ஓரம் அதிகம். ஜோஸ் கழிவில் தோரைட்டும் உண்டு; தன் கதிர்வீச்சாலேயே உள்ளமைப்பு நொறுங்கி, மோனசைட் அளவுக்குத் தாக்குப்பிடிக்காத கனிமம் அது. மண் புளித்து, கால்சியம் வறண்டிருந்தால் வேர் ரேடியத்தை இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். மண்ணிலிருந்து பயிருக்குப் போகும் விகிதம் ஊருக்கு ஊர், பயிருக்குப் பயிர் பத்து மடங்கு, நூறு மடங்கு, அதற்கும் மேலே மாறுகிறது. ஐரோப்பிய மண்ணில் எடுத்த விகிதத்தை எடுத்துவந்து வெப்பமண்டல மணலில் பெருக்கிவிட்டுப் 'பாதுகாப்பானது' என்று சொல்ல முடியாது. அந்தந்த வயலில் அளந்தால்தான் உண்டு.

அடுத்தது கேரளம். கருநாகப்பள்ளி ஆய்வு இந்த விவாதத்தில் துருப்புச்சீட்டு மாதிரி வீசப்படுகிறது. 2009-இல் வெளிவந்த முக்கியமான ஆய்வு அது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள் செய்தது. மோனசைட் கரையில் வாழும் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, கதிர்வீச்சோடு சேர்ந்து புற்றுநோய் கூடவில்லை என்று சொன்னது. நல்ல ஆய்வு, ஆனால் அது கேட்ட கேள்வி வேறு. அது கணக்கில் எடுத்தது வெளியிலிருந்து வரும் காமாக் கதிர்வீச்சை. தட்டில் இருப்பதை அல்ல. சேர்த்துக்கொண்டது 30 முதல் 84 வயது வரையானவர்களை. பிள்ளைகள் அதில் இல்லை. மொத்தம் 1,379 புற்றுநோயாளிகளில் ரத்தப் புற்றுநோய் 30 பேருக்கு. அவ்வளவு சிறிய எண்ணை வைத்து அந்த நோயைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. மற்றப் புற்றுநோய்களுக்கு அந்த ஆய்வு தந்த நிச்சயமின்மை எல்லையும், ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களிடம் கண்ட ஆபத்தின் அளவை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு தீங்கை இந்த அளவு மக்கள் தொகையில் காண முடியவில்லை என்பதற்கும் தீங்கு இல்லை என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. கருநாகப்பள்ளியின் ஆய்வாளர்கள் கேட்காத கேள்விக்கு, அவர்கள் போகாத கண்டத்தில், அவர்கள் பெயரில் பதில் சொல்வது அவர்களுக்கே செய்யும் அநீதி.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது விதிகளில் உள்ள ஓட்டை. செர்னோபிலுக்குப் பிறகு உலக நாடுகள் உட்கார்ந்து, ஓர் அணு விபத்துக்குப் பிறகு எல்லை தாண்டும் உணவில் எந்தக் கதிரியக்கப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுத்தன. கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பின் பட்டியல் அது. சீசியத்துக்கு உண்டு, ஸ்ட்ரான்சியத்துக்கு உண்டு, புளூட்டோனியத்துக்கு உண்டு. ரேடியம்-226 அதில் இல்லை. ஈயம்-210 இல்லை, பொலோனியம்-210 இல்லை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் ரேடியம்-228-ஐ லிட்டருக்கு 0.1 பெக்கரல் என்று கட்டியிருக்கிறது. அதே ரேடியம் கிழங்கில் வந்தால் அப்படி ஓர் எண் கோடெக்ஸில் கிடையாது. அணு உலை வெடித்து வந்தால் கட்டுப்பாடு. சுரங்க நிறுவனம் கொட்டிவிட்டுப் போய், அது வேர் வழியாக வந்தால் 'இயற்கை'. எலும்புக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இந்த வேறுபாடு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கப்பட்டிருந்தால்கூட, அறிவியல் அப்படித்தான் சொல்கிறது என்று ஒரு வேளை ஆறுதல் கொண்டிருக்கலாம். கடைப்பிடிக்கப்படவில்லை. கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி, துரிங்கியா பகுதிகளில் விஸ்முத் நிறுவனம் 1946 தொடங்கி 1990 வரை சோவியத் ஒன்றியத்துக்காக இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் யுரேனியம் தோண்டியது. ஜெர்மனி ஒன்றானதும், அந்தக் கழிவுகளைச் சீர்செய்ய 1991-இல் 1,300 கோடி மார்க் ஒதுக்கினார்கள். அங்கே கிடந்ததும் இதே ரேடியம், இதே ரேடான். பூமி பிறந்த நாளிலிருந்து இருக்கும் யுரேனியத்திலிருந்து வருபவைதான். அப்படிச் சொல்லி யாரும் கோப்பை மூடவில்லை. ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம், சுரங்கத்தால் வந்த கதிரியக்கத்தை மட்டும் கணக்கிடுவதற்கென்றே தனி வழிமுறை வகுத்தது. இயல்பாக அந்த மண்ணில் இருப்பதைக் கழிக்க வேண்டும். சுரங்கம் கூட்டியதை மட்டும் எடுக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் விளைந்து தின்பதைச் சேர்க்க வேண்டும். குழந்தை விளையாடும்போது வாயில் போகும் மண்ணைச் சேர்க்க வேண்டும். தாய்ப்பாலைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அப்படியானால், எது மலையின் பங்கு, எது சுரங்கத்தின் பங்கு என்று பிரிக்க முடியும். முடியாது என்று ஜோஸில் சொல்வதற்குக் காரணம் இயற்பியல் இல்லை; அங்கே பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பிட்சிச்சியில் வெள்ளீயம் எடுக்க 1910-இல் பதிவான நிறுவனம் அந்த ஊரின் பெயரோடு இன்றும் லண்டன் பங்குச் சந்தையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க நிலக்கரி, பிரிட்டனில் கட்டட முதலீடு என்று அதன் தொழில் மாறிவிட்டது. ஊர் மட்டும் குட்டைகளோடு நிற்கிறது.

கடைசியாக ஒரு வாதம் வரும், அதைச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்: இதையெல்லாம் பேசினால் ஜோஸ் காய்கறியை யார் வாங்குவார்கள், ஏழை உழவன் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று. ஜோஸ் உருளைக்கிழங்கைத் தின்னாதே என்று நான் சொல்லவில்லை. ஆலைக் கழிவைத் தொட்டுக் கிடக்கும் வயலும், நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயலும் ஒன்றல்ல. அளக்காதவரை இரண்டின்மேலும் ஒரே ஐயம் விழுகிறது. வதந்தி ஒன்று கிளம்பினால் இருவருமே விலை இழப்பார்கள். ஜெர்மனியில் முதலில் ஐயத்துக்குரியதாகக் குறித்தது ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர். வீடு வீடாக, மேடு மேடாக அளந்த பிறகு அதில் மிகப் பெரும்பகுதி தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று விடுவிக்கப்பட்டது. விவசாயியைக் காப்பாற்றியது அந்த அளவீடு.

ஜோஸிலும் அப்படி ஒரு வரைபடம் போட்டால், பெரும்பாலான வயல்கள் தேறிவிடும் என்றே நினைக்கிறேன். தேறாத வயல்களுக்கும் வழி இருக்கிறது. அதே 2007 ஆய்வே சொல்கிறது, தானியத்தில் ரேடியம் குறைவு என்று. கழிவோரம் கிழங்கையும் கீரையையும் விட்டுவிட்டு மக்காச்சோளமும் அச்சாவும் போடலாம். புளித்த மண்ணில் சுண்ணாம்பு இட்டால் வேர் ரேடியத்துக்குப் பதிலாகக் கால்சியத்தை எடுக்கும். கிழங்கைத் தோல் சீவியும் கீரையை நன்றாக அலசியும் சமைத்தால் ஒட்டிவரும் மண்தூசி போகும். இவை உழவர்கள் செய்யக்கூடியவை. விஷயத்தைச் சொன்னால் செய்வார்கள். ஆலைகளுக்குப் பின்னால் கிடக்கும் குவியலை அள்ளி மூடுவதும், அதை ஒட்டிய வயல்காரருக்கு மாற்று நிலம் தருவதும், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொலோனியம் உட்பட முழுக்கணக்கைப் போட்டுக் காட்டுவதும் அவர்களால் ஆகாது. அவை நைஜீரிய அரசும், அந்த வெள்ளீயத்திலும் கொலம்பைட்டிலும் பல பத்தாண்டுகள் லாபம் எடுத்த பிரிட்டனும் செய்ய வேண்டியவை.